வன்னி மரம் நிற்கும் வயல்



மழைக்குப் பஞ்சமில்லாத நாடு மலேசியா. கோலாலம்பூரில் ஓர் ஆண்டில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மாலையில் குடையில்லாமல் வெளியே போனவர் நனைந்துதான் வீடு திரும்புவார். இந்தியாவின் ராஜஸ்தானில், தார் பாலைவனத்தின் ஜெய்சல்மேர் பகுதியில், ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவுதான். கோலாலம்பூரில் ஒரே ஒரு மழை மாதத்தில் கொட்டும் தண்ணீர் அதைவிட அதிகம். கோடையின் கொடுமையோ சொல்லி மாளாது. 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அங்குள்ள பலோதி நகரில் வெப்பம் 51 டிகிரி செல்சியசைத் தொட்டது.

இப்படிப்பட்ட மண்ணில் யாரும் குடியிருக்க மாட்டார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால், உலகப் பாலைவனங்களுள் மக்கள் நெருக்கம் மிகுந்தது இந்தத் தார் பாலைவனம்தான். அங்கே மனிதர்கள் மட்டும் வாழவில்லை. ஆடு, மாடு, ஒட்டகம் என்று எல்லாமே வாழ்கின்றன. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சுடச்சுட உணவும் பரிமாறப்படுகிறது. இது எப்படி முடிகிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு மரத்தில் தொடங்குகிறது. அந்த மரம் தமிழர்களுக்குப் புதியதல்ல.

தமிழர் அறிந்த மரம்

ராஜஸ்தானில் அதற்கு 'கேஜ்ரி' என்று பெயர். தமிழில் அதுதான் வன்னி மரம். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் போகுமுன் தங்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததாக மகாபாரதம் சொல்லும் மரம் அது. சென்னை திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலிலும் வன்னியே தலமரம். விருத்தாசலம் கோயில் திருப்பணியில் உழைத்தவர்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார்கள், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொன்னாக மாறியது என்று தலவரலாறு கூறுகிறது.

தமிழர்கள் இந்த மரத்தைக் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட்டார்கள். ராஜஸ்தான் விவசாயிகளும் கும்பிட்டார்கள். ஆனால் அவர்கள் அதை வயலின் நடுவிலும் வைத்துக்கொண்டார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பொதுவாக வயலில் மரம் நின்றால் பயிருக்கு ஆகாது என்பார்கள். நிழல் விழும், வேர் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று காரணம் சொல்வார்கள். வன்னி மரம் இதற்கு விதிவிலக்கு. அதன் ஆணிவேர் பல பத்து அடிகளைத் தாண்டி ஆழத்துக்கு இறங்குகிறது. மேல்மண்ணின் ஈரத்துக்காக அது பயிரோடு அதிகம் போட்டியிடுவதில்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது. உதிரும் இலை மட்கி உரமாகிறது. அதனால்தான் மரத்தடியில் விதைத்த கம்பு, திறந்த வெளியில் விதைத்ததைவிடச் செழித்து நிற்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. மற்ற செடிகள் எல்லாம் வாடிக் கருகும் கோடையில்தான் வன்னி மரம் புதுத் தளிர் விடுகிறது. மழையை எதிர்பார்த்து அது காத்திருப்பதில்லை. நிழலே இல்லாத நாட்டில், நிழல் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து நிழல் தருகிறது.

பண்ணையின் ஓராண்டு

தார் பாலைவனத்தின் பழைய முறைப் பண்ணை ஒன்றை ஓராண்டு கவனித்தால், அதில் எதுவுமே வீணாவதில்லை என்பது புரியும்.

ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ முதல் மழை விழுகிறது. உடனே விதைப்பு. கம்பு, நரிப்பயறு, கொத்தவரை, எள் ஆகியவற்றைக் கலந்து விதைப்பது வழக்கம். காரணம் எளிமையானது. மழை நன்றாகப் பெய்தால் எல்லாம் விளையும். பாதியில் ஏமாற்றினால் கம்பு போனாலும் நரிப்பயறு நிற்கும். அதுவும் போனால் மாட்டுக்குத் தீவனமாவது மிஞ்சும். ஒரே பயிரை நம்பிக் கடன்பட்டு நிற்பவர்கள் யோசிக்க வேண்டிய பாடம் இது.

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. கம்பு வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. நவம்பர் பிறந்ததும் மரத்தின் முறை வருகிறது. வன்னிக் கிளைகளைக் கழித்து, இலையை உலர்த்திச் சேமிக்கிறார்கள். 'லூங்' எனப்படும் அந்த உலர்ந்த இலைதான் குளிர்காலத்திலும் கோடையிலும் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உணவு. கழித்த கிளை அடுப்புக்கு விறகாகிறது. முள் நிறைந்த குச்சி வயலுக்கு வேலியாகிறது.

கோடை தொடங்கியதும் கேர் என்ற புதர்ச்செடி காய்க்கிறது. இலையே இல்லாதது போலத் தோன்றும் செடி அது. பட்டாணி அளவில் பச்சைக் காய்கள். அதைத் தொடர்ந்து வன்னி மரத்தில் மெல்லிய நீண்ட காய்கள் தொங்கும். பிஞ்சாகப் பறித்தால் அது 'சாங்கிரி', கறிக்கு உதவும். பழுக்க விட்டால் 'கோக்கா'. பிள்ளைகள் இனிப்பாகச் சுவைத்துத் தின்பார்கள். வயல் வெறிச்சோடிக் கிடக்கும் மாதங்களில் மரம் விளைச்சல் தருகிறது.

தண்ணீருக்கும் அவர்கள் வழி கண்டிருந்தார்கள். வீட்டு முற்றத்திலோ வயலிலோ தரைக்கடியில் தொட்டி கட்டி, சுற்றிலும் நிலத்தைச் சரிவாக அமைத்து, விழும் மழையெல்லாம் அதற்குள் ஓடிவரச் செய்தார்கள். இதற்கு 'டாங்கா' என்று பெயர். ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால் அந்தணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 'கடீன்' என்ற முறையை வளர்த்தார்கள். பாறை மேட்டிலிருந்து வழியும் நீரைத் தாழ்ந்த நிலத்தில் மண்கரை போட்டுத் தேக்கினார்கள். நீர் வற்றியபின் ஈரம் காயாத அந்த மண்ணில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தார்கள். பாலைவனத்தில் கோதுமை! தமிழ்நாட்டில் ஏரியும் கண்மாயும் வெட்டியவர்களின் அறிவும் இதுவும் ஒரே ஓடையில் ஓடும் அறிவுதான்.

பஞ்சம் கற்றுத் தந்த சமையல்

இந்தப் பண்ணையின் விளைச்சலை வைத்துத்தான் அந்த ஊர்ச் சமையல் பிறந்தது. தண்ணீர் அரிது, காய்கறி அரிது. ஆகவே உலர்த்தி வைப்பது, புளிக்க வைப்பது, மோரில் வேக வைப்பது ஆகிய மூன்றும் சமையலுக்கு அடிப்படையாகின.

கேர் காயைப் பச்சையாக வாயில் வைக்க முடியாது. அவ்வளவு கசப்பு. மோரிலோ உப்பு நீரிலோ பல நாள் ஊற வைத்துக் கசப்பை எடுத்து, வெயிலில் காய வைக்கிறார்கள். சாங்கிரியை அவித்து உலர்த்துகிறார்கள். இரண்டையும் ஊற வைத்து, எண்ணெயில் மிளகாயும் மசாலாவும் சேர்த்து வதக்கினால் அதுதான் பெயர் பெற்ற 'கேர் சாங்கிரி'. இதனோடு கும்மட் மரத்தின் விதையும், தமிழில் நறுவிலி என்று சொல்லப்படும் குந்தாக் காயும், புளிப்புக்கு உலர்ந்த மாங்காயும் சேர்த்தால் 'பஞ்ச்குட்டா'. ஐந்து பொருள் சேர்ந்த கறி என்று பொருள். சில வீடுகளில் மாங்காய்க்குப் பதிலாக மிளகாய் வற்றலைக் கணக்கில் சேர்ப்பார்கள். ஐந்தும் பாலைவனத்தில் உலர்ந்து கிடைப்பவை. சமைத்தபின் சில நாள் வைத்திருந்தாலும் கெடாது. அடுப்பு மூட்டாத சீதளா அஷ்டமி நாளில், முந்தின நாளே சமைத்து வைத்து உண்பதற்கு ஏற்ற கறி இது.

கம்பு மாவை மோரில் கரைத்து, வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சினால் 'ராப்டி'. கோடையில் உடம்பைக் குளிர வைக்கும். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த தமிழர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஊர்களும் ஆயிரம் மைல் தொலைவில் இருந்தாலும், வறட்சி இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் ஒரே பாடத்தைத்தான் கற்றுத் தந்திருக்கிறது.

இந்தச் சமையலுக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு. 1899-1900 ஆண்டுகளில் ராஜஸ்தானைப் பெரும்பஞ்சம் தாக்கியது. விக்ரம ஆண்டு 1956-இல் வந்ததால் 'சப்பனியா' என்றே இன்றும் பேசப்படுகிறது. தானியம் தீர்ந்தபின், வன்னி மரத்தின் பட்டையை உரித்து இடித்து மாவாக்கி மக்கள் உயிர் பிழைத்தார்கள். மரம் தன் தோலையே உணவாகக் கொடுத்தது.

மலேசியத் தமிழர்களுக்கு இது புரியும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் காத்த தலைமுறை இங்கேயும் இருந்தது. அந்தக் கிழங்கைக் கண்டாலே முகம் சுளித்த முதியவர்கள் பலர். இல்லாமையை நினைவூட்டும் உணவை மறக்க நினைப்பது மனித இயல்பு. தார் பாலைவனத்திலும் அதுதான் நடந்தது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கம்பு ரொட்டி பின்னுக்குப் போனது, கோதுமை முன்னுக்கு வந்தது. சாங்கிரி ஏழையின் உணவு என்று ஒதுக்கப்பட்டது.

மரத்துக்காக உயிர் தந்தவர்கள்

வன்னி மரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. 1485-இல் குரு ஜம்பேசுவரர் தோற்றுவித்த பிஷ்ணோய் சமூகத்துக்கு 29 கட்டளைகள் உண்டு. பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

1730-ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னர் அபய் சிங்கின் புதிய அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. கேஜர்லி என்ற ஊரில் மரங்கள் அதிகம் என்று ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு மரம் பிழைக்குமானால் ஒரு தலை போனாலும் அது மலிவான விலைதான் என்று அவர் சொன்னதாக மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர் வெட்டப்பட்டார். அவருடைய மூன்று மகள்களும் அடுத்தடுத்து மரங்களைத் தழுவி உயிர் விட்டார்கள். செய்தி பரவி அக்கம்பக்கத்து ஊர் மக்களும் திரண்டு வந்தார்கள். மொத்தம் 363 பேர் மாண்டார்கள். பிறகுதான் மன்னர் மனம் வருந்தி, பிஷ்ணோய் ஊர்களில் மரம் வெட்டத் தடை விதித்தார். 1970-களில் இமயமலைப் பகுதியில் பெண்கள் மரங்களைக் கட்டித் தழுவி நடத்திய சிப்கோ இயக்கத்துக்கு இந்தத் தியாகமே முன்னோடி.

அந்த மக்கள் காத்தது வெறும் மரத்தை அல்ல. அடுத்த பஞ்சத்தில் தங்கள் பேரப்பிள்ளைகள் உண்ணப்போகும் உணவைக் காத்தார்கள்.

சரிவும் மீட்சியும்

அத்தனை பேர் உயிர் கொடுத்துக் காத்த மரம், பின்னாளில் சத்தமில்லாமல் குறையத் தொடங்கியது. மாடு பூட்டிய கலப்பை மரக்கன்றைச் சுற்றிக்கொண்டு போகும். டிராக்டர் அப்படிப் போவதில்லை. வயலில் தானாக முளைத்த வன்னிக் கன்றுகள் உழவிலேயே அழிந்தன. வேரைத் துளைக்கும் வண்டும், வேரை அழுகச் செய்யும் பூஞ்சையும் வளர்ந்த மரங்களைச் சாய்த்தன.

இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்று அழைக்கப்படும் அந்நிய மரம் தார் பாலைவனத்திலும் பரப்பப்பட்டது. விரைவாக வளரும், விறகு தரும் என்று நம்பிக் கொண்டுவந்தார்கள். வன்னிக்கு அது தூரத்து உறவுதான். ஆனால் குணம் வேறு. அது பரவிய இடத்தில் புல்லும் உள்ளூர்ச் செடிகளும் ஒதுங்கிப்போயின. அவசரத்துக்கு வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்ட கதையாயிற்று.

ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1959-இல் ஜோத்பூரில் நிறுவப்பட்ட மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் பாலைவன மரங்களையும் பயிர்களையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. காட்டு இலந்தைச் செடியில் நல்ல இரகத்தின் மொட்டை ஒட்டி, பெரிய பழம் தரும் மரமாக மாற்றும் முறை விவசாயிகளிடம் பரவியது. 1983-இல் வன்னி ராஜஸ்தானின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. பிகானேரிலுள்ள வறண்ட நிலத் தோட்டக்கலை நிலையம் 'தார் சோபா' என்ற வன்னி இரகத்தை உருவாக்கியது. முள் இல்லாத மரம். மொட்டு ஒட்டி வளர்ப்பதால், விதையிலிருந்து வளரும் மரத்தைவிட விரைவில் காய்க்கிறது. வன்னி நட்டால் பேரன்தான் சாங்கிரி தின்பான் என்ற நிலை மாறி, நட்டவரே தின்னலாம் என்றாகியிருக்கிறது.

சமையலும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் கம்புக்கு மதிப்புக் கூடியது. பாலைவனத்துப் பண்ணைகளும் கிராமத்து விடுதிகளும் வரும் விருந்தினர்களுக்குக் கம்பு ரொட்டியும் கேர் சாங்கிரியும் பரிமாறுகின்றன. ஒரு காலத்தில் ஏழையின் உணவாக இருந்த உலர்ந்த சாங்கிரி இன்று கடையில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் மரத்தை முழுக்கக் கழித்தால் தீவனம் கிடைக்கும், ஆனால் கோடையில் காய் பிடிக்காது. கழிக்காமல் விட்டால் சாங்கிரி கிடைக்கும், ஆடு பட்டினி கிடக்கும். பணம் வருகிறதே என்று எல்லா மரத்தையும் காய்க்க விட்டால் கால்நடை போய்விடும். கால்நடை போனால் சாணம் இல்லை, மோர் இல்லை. மோர் இல்லையென்றால் கேரின் கசப்பை எடுப்பது எதைக்கொண்டு? ராப்டி காய்ச்சுவது எதைக்கொண்டு? ஆகவே விவரம் தெரிந்த விவசாயி சில மரங்களைக் கழிக்கிறார், சில மரங்களை விட்டுவைக்கிறார். பண்ணை நிலைத்து நிற்பதன் இரகசியம் இந்த அளவறிதலில்தான் இருக்கிறது.

இன்றைய சோதனை

கடைசியாக, இன்று அந்த மண்ணில் எழுந்திருக்கும் கேள்வி. தார் பாலைவனத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆகவே சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டங்கள் அங்கே குவிகின்றன. பலோதி வட்டாரத்தின் பட்லா மின்பூங்கா மட்டும் 2,245 மெகாவாட் திறன் கொண்டது. நிலக்கரியைக் குறைக்க இது தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், அந்தத் தகடுகளைப் பரப்ப நிழல் விழாத இடம் வேண்டும். நிழல் தரும் வன்னி மரம் அங்கே இடைஞ்சலாகிவிடுகிறது.

மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிகானேர் பகுதி மக்கள் 2024 முதல் போராட்டங்கள் நடத்தினார்கள். 2024 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், 'ஓரண்' எனப்படும் ராஜஸ்தானின் புனிதத் தோப்புகளை அளந்து வரைபடமாக்கும்படி உத்தரவிட்டது. 1730-இல் கோடரி வந்தது ஓர் அரண்மனைக்காக. இப்போது வருவது பூமியைக் காப்பாற்றும் என்று சொல்லப்படும் திட்டத்துக்காக. இதனால்தான் இந்தக் கேள்விக்கு முன்னதைவிடக் கடினமாக யோசித்து விடை காண வேண்டியிருக்கிறது.

மின்சாரம் வேண்டாம் என்று அந்த ஊர் மக்கள் சொல்லவில்லை. மரமில்லாத தரிசைப் பாருங்கள், கூரைகளைப் பாருங்கள், நூறாண்டு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்று நட்டுவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொல்லாதீர்கள் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நட்ட கன்றின் வேர் அந்த ஆழத்தைத் தொட ஒரு தலைமுறை ஆகும். அதுவரை வரும் பஞ்சத்துக்கு யார் பதில் சொல்வது?

அரபு நாடுகளும் இதே மரத்தின் அருமையை உணர்ந்திருக்கின்றன. அங்கே 'காஃப்' எனப்படும் வன்னி, ஐக்கிய அரபு சிற்றரசுகளின் தேசிய மரம். 2019-ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது அந்த நாடு அதற்குச் சின்னமாக எடுத்துக்கொண்டதும் இந்த மரத்தைத்தான். எந்தச் சமயத்தவர், எந்த ஊரார் என்று கேட்காமல் நிழல் தருவதுதானே மரத்தின் இயல்பு.

நேயர்களே, பாலைவனத்துக் கதை மழை நாட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்து லயன் வீடுகளின் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் அகத்தியும் நின்ற காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் கீரையை எப்படிச் சமைப்பது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தோட்டம் போனது, லயன் போனது, மரமும் போனது. சமையல் மட்டும் இன்னும் சில பாட்டிமார்களின் கைப்பக்குவத்தில் மிச்சமிருக்கிறது. அதையும் கேட்டு எழுதி வைக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

பாலைவனத்து மக்கள் காட்டும் வழி இதுதான். மரத்தை நட்டால் மட்டும் போதாது, அதன் காயைச் சமைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அடுப்பங்கரையில் வேலையுள்ள மரத்தை எவரும் எளிதில் வெட்ட விடமாட்டார்கள். இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள மூத்தவரிடம் மறந்துபோன ஒரு கறியைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள். அதற்கு வேண்டிய செடியை ஒரு பூச்சட்டியிலாவது நட்டு வையுங்கள்.